சீனியாரிட்டிப்படி ஒரு கிராபிக்ஸ் கார்டு

நெடுமாறனுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமானால் நிலமகள் மனமகிழ் மன்றம் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கியாக வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் யாரும் சிரிக்க மாட்டார்கள். எந்தக் கமிட்டியில் நிற்கிறது என்று மட்டும் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். நெடுமாறன் மன்றத்தின் கணினி விளையாட்டு அறைக்கு ஆபரேட்டர், காண்ட்ராக்டில். பண்ருட்டியில் அவனோடு கம்ப்யூட்டர் படித்தவள் அன்புக்கரசி. இப்போது டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். இருவருக்கும் பிடித்துப்போயிற்று, ஜாதகமும் சேர்ந்துவிட்டது, ஒரே ஒரு பொருத்தம் மட்டும் இடித்தது. அவளுடைய அப்பா தனகோட்டி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டி, பர்மனென்டாகவே ரிட்டயர் ஆனவர். டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்த வீடு கட்டிக்கொண்ட பிறகும், தெருவில் எதிர்ப்படுகிறவரைப் பர்மனென்டா காண்ட்ராக்டா என்று முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவார். அவர் நெடுமாறன் வீட்டுக்கே வந்து காப்பியும் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பையன் தங்கமான பையன். நான் ஒண்ணும் கொற சொல்லல. ஆனா காண்ட்ராக்ட்டுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, வருசா வருசம் மாப்ளைய ரினியூவல் பண்ணிக்கினு நான் உக்காந்திருக்க முடியாதுங்க."

அதனால் நெடுமாறன் மன்றத்தில் பர்மனென்ட் ஆக வேண்டும். ஆக்கக்கூடியவர் ஒருவர்தான், மன்றத்தின் செயலாளர் கருணாகரன். சுரங்கத்தின் பாதுகாப்புத் துறையில் பெரிய அதிகாரி. எங்கே எது விழும், எது வெடிக்கும் என்று ஆயுள் முழுக்க யோசித்தே பழகிப்போனவர். அவர் உட்கார்ந்தால் அந்த நாற்காலியைப் பற்றிக்கூட நமக்குக் கவலை வந்துவிடும்.

விளையாட்டு அறை தொடங்கியபோது அதற்கு விதிமுறை வேண்டும் என்றார்கள். வீடியோ விளையாட்டுக்கு விதிமுறை யாரிடம் இருக்கிறது? மன்றத்து பீரோவில் ஒரு பழைய விதிப்புத்தகம் கிடந்தது. அட்டை கிழிந்திருந்ததால் எந்தச் சுரங்கத்தினுடையது, எந்த நாட்டினுடையது என்று எவருக்கும் தெரியவில்லை. கனரக இயந்திரங்களைக் கையாளுவது பற்றியது என்பது மட்டும் தெரிந்தது. இயந்திரம் என்றால் இயந்திரம்தான் என்று கருணாகரன் தீர்ப்புச் சொல்ல, 'இயந்திரம்' என்ற சொல் வரும் இடமெல்லாம் 'கணினி' என்று பேனாவால் மாற்றி, அதையே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்றிலிருந்து டவுன்ஷிப் குழந்தைகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வீடியோ கேம் ஆடினார்கள். உட்காருவதற்கு முன் எல்லோரும் கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும். ஹெல்மெட்டுக்கு மேல் ஹெட்போன் மாட்ட முடியவில்லை என்று ஹெட்போனை விலக்கினார்கள். ஸ்பீக்கர் சத்தம் பக்கத்துச் சீட்டாட்ட அறைக்குத் தொந்தரவு என்று சத்தத்தையும் விலக்கினார்கள். மாலையில் ஷிஃப்ட் மாறும். இரண்டு ஷிஃப்டுக்கும் நெடுமாறன் ஒருவன்தான் என்பதால், போகிற ஆபரேட்டர் வருகிற ஆபரேட்டரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் விதியை அவன் தனியாகவே நிறைவேற்றினான். கதவுக்கு வெளியே போய் நின்று, உள்ளே வந்து, ஏதாவது பழுது உண்டா என்று தன்னையே கேட்டு, ஒன்றுமில்லை என்று தனக்கே பதில் சொல்லுவான். ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. ஒரு நாள் ஷிஃப்டுக்குப் பிந்தி வந்ததாகத் தன் மேல் தனக்கே கோபம் வந்தபோதுதான் அவனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

புது விளையாட்டு எதையும் கணினியில் ஏற்றுவதற்கு முன் 'அண்மைக்கால விளையாட்டுகள் குறித்த கருத்துக் குழு' கருத்துச் சொல்ல வேண்டும். குழுவில் ஒருவரும் விளையாடியதில்லை. விளையாடினால் பாரபட்சம் வந்துவிடும் என்பது கொள்கை. நெடுமாறன் ஆட, அவர்கள் டீயும் பக்கோடாவுமாகப் பின்னால் நின்று பார்ப்பார்கள்.

நிலத்தைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து வீடு கட்டும் விளையாட்டை உலகமே ஆடிக்கொண்டிருந்த சமயம் அது. கருணாகரன் அதைப் பார்த்துப் பதறிவிட்டார். மேல்மண்ணை அகற்றவில்லை, நிலத்தடி நீரை இறைக்கவில்லை, ஒரு சர்வேயர்கூட எட்டிப் பார்க்கவில்லை, தனியாளாகப் பிக்காசைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறான், இப்படி யாராவது சுரங்கம் தோண்டுவார்களா என்று மூச்சு வாங்கக் கேட்டார். நடைமுறைக்கு ஒவ்வாதது என்று அது தள்ளுபடியானது. அடுத்தது, போகிறவன் வருகிறவனை அடித்துக் காரைப் பிடுங்கி ஓட்டும் விளையாட்டு. அதைக் குழு வெகுநேரம் வாய் திறக்காமல் பார்த்தது. பக்கோடா இரண்டாம் தட்டும் வந்தது. வண்டியை எடுக்கும்போது லாக் புக்கில் பதியவில்லை என்ற ஒரே குறையைச் சொல்லி, மறுபரிசீலனைக்கு மறுபடியும் ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னார்கள்.

மூன்றாவதுதான் வினையானது. வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ப் பேய் பிசாசுகளை வேட்டையாடுகிறவனுடைய விளையாட்டு. போன வருஷம்தான் வெளிவந்திருந்தது. மன்றத்துக் கணினிகள் அதைத் தாங்காது என்பதால், யாரோ ஆடிப் பதிந்து இணையத்தில் விட்டிருந்த காட்சியை நெடுமாறன் போட்டுக் காட்டினான். கருணாகரன் எழுந்தே நின்றுவிட்டார்.

"இவனப் பாருங்க. வீடு இல்ல, வாசல் இல்ல. ஒரு பேய அடிச்சா ஒரு கூலி. பி.எஃப். கேக்கல, போனஸ் கேக்கல. மழையில நனைஞ்சுகிட்டே வேலை செய்யறான், ஒரு ரெயின்கோட் கேக்கறானா? வேலை முடிஞ்சதும் அவன் பாட்டுக்கு அடுத்த ஊருக்குப் போயிடறான், என்னை நிரந்தரமாக்குன்னு வாசல்ல வந்து உக்காரல. என்ன ஒரு டிசிப்ளின். நம்ம காண்ட்ராக்ட் பசங்க அத்தனை பேரும் பாக்க வேண்டிய விளையாட்டு இது. ஆண்டு விழாவுக்கு வர்ற சீஃப் கெஸ்ட் இதத்தான் ஆடித் தொடங்கி வைக்கணும்."

குழு கை தட்டியது. நெடுமாறனும் தட்டினான். அவனுக்கும் அந்த விளையாட்டு பிடிக்கும், ஆனால் வேறு காரணத்துக்காக. அதில் ஒவ்வொரு வேலையை முடித்ததும் அனுபவம் என்று கொஞ்சம் சேரும். சேர்ந்து நிரம்பினால் ஆள் தானாகவே அடுத்த படிக்கு ஏறிவிடுவான். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இப்படியொரு உலகத்தை எவனோ உட்கார்ந்து கற்பனை செய்திருக்கிறானே என்று அவன் பலமுறை வியந்திருக்கிறான். கூட்டம் கலைந்ததும் கருணாகரன் அவன் தோளில் கை வைத்து, ஆண்டு விழாவில் இது ஓடினால் உன் பெயரைப் பர்மனென்டுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விளையாட்டு ஓடப் புது கிராபிக்ஸ் கார்டு வேண்டும், ராம் கூட்ட வேண்டும். அறையில் இருந்த நான்கு கணினிகளில் ஒன்றை மட்டும் அப்கிரேடு செய்தால் போதும் என்று நெடுமாறன் போய்ச் சொன்னான். விதிப்புத்தகத்தில் அப்கிரேடு என்று ஒன்று இல்லை. பழுது பார்க்கலாம், கழித்துக் கட்டலாம், நடுவில் எதுவுமில்லை. கருணாகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். இருக்கிற கணினியையே மேலே தூக்கி விடுவதா என்று கேட்டார். நெடுமாறன் ஆமாம் என்று தலையாட்டினான். அப்படியானால் அது ப்ரமோஷன் என்றார் கருணாகரன்.

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததுமே மன்றத்துக்குள் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. ப்ரமோஷன் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று டவுன்ஷிப்பில் குழந்தைக்கும் தெரியும். மன்றத்துக் கணினிகள் அத்தனைக்கும் பணியில் சேர்ந்த தேதிப்படி சீனியாரிட்டி போட்டார்கள். நடத்தை பார்த்தார்கள். விளையாட்டு அறையின் இரண்டாம் கணினி ஒருமுறை நடுவில் உறைந்து நின்றுவிட்டதால் அதன் மேல் கரும்புள்ளி விழுந்தது. மற்ற மூன்றும் ஜூனியர். எல்லாவற்றுக்கும் சீனியர், மன்றத்து ஆபீசில் கல்யாண மண்டபம் புக்கிங் எழுதும் கணினி. அதில் புக்கிங் இல்லாத நேரத்தில் மேனேஜர் சீட்டு விளையாடுவார். கிராபிக்ஸ் கார்டு அதற்குத்தான் என்று ஏகமனதாக முடிவானது.

புக்கிங் எழுதுகிற கணினிக்கு இவ்வளவு பெரிய கார்டு எதற்கு என்று நெடுமாறன் கேட்டுப் பார்த்தான். ஜூனியருக்குக் கொடுத்தால் நாளைக்கு சீனியர் கோர்ட்டுக்குப் போகும் என்றார் கருணாகரன். கம்ப்யூட்டர் எப்படிப் போகும் சார் என்றான். போகிற மாதிரி ஒரு நிலைமையை நிர்வாகம் உண்டாக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஆண்டு விழாவன்று சீஃப் கெஸ்ட் ஆபீசிலேயே உட்கார்ந்து ஆடட்டும் என்று அதற்கும் வழி சொன்னார்கள்.

ஒரு தூதுக்குழு சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் அலைந்து, கடைக்காரர்களிடம் கார்டின் பாதுகாப்பு அம்சங்களை விசாரித்து, பாண்டிச்சேரி வழியாகக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த நெடுமாறன், சீனியர் கணினியின் மூடியையும் கழற்றிப் பார்த்தான். கார்டு நல்ல கார்டுதான். ஆனால் சீனியர் கணினிக்குள் இருந்த எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் டப்பா, பெயர் தெரியாத பழைய சரக்கு. இந்த கார்டின் பசியை அது தாங்காது. அதையும் மாற்ற வேண்டும் என்று அவன் மெதுவாகச் சொன்னான். எஸ்எம்பிஎஸ் எலக்ட்ரிகல் கேட்டகிரி, அதற்கு அடுத்த வருஷம்தான் லிஸ்ட் வரும் என்றார்கள். அவன் மறுபடி வாயெடுத்தபோது கருணாகரன் அவனைத் தனியாக ஓரங்கட்டினார்.

"உன் ஃபைல் இப்ப என் டேபிள்லதான் இருக்கு. இந்த நேரத்துல நெகட்டிவா பேசாத."

நெடுமாறன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அன்புக்கரசி முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, தனகோட்டி முகமும் நின்றது. தெரிந்தேதான் கார்டை மாட்டினான், தெரிந்தேதான் ஸ்விட்சைப் போட்டான். பிற்பாடு அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது இந்த ஒன்றுதான்.

ஆண்டு விழாவில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். சீஃப் கெஸ்ட் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, உறுதிமொழி எடுத்து, மவுஸில் கை வைத்தார். பேய் வேட்டைக்காரன் திரையில் ஓர் அடி எடுத்து வைத்தான். கணினியின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்துப் பெண்கள் பக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரை இருண்டதும் நல்ல கைதட்டல் கிடைத்தது. பொசுங்கிய நாற்றம் பிரியாணிப் பந்தல் வரைக்கும் போன பிறகுதான் யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள்.

விதிப்புத்தகப்படி இது விபத்து. கணினியைச் சுற்றிச் சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். விசாரணைக் குழு நெடுமாறனை நிற்க வைத்து, விபத்து நடந்தபோது கணினி எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதற்கு முந்தைய நாள் போதிய ஓய்வு கிடைத்ததா, மேலே உறை போட்டிருந்ததா என்றெல்லாம் கேட்டது. உறை இல்லை என்றான். தலைக்கவசம் அணியாத நிலையில் என்று எழுதிக்கொண்டார்கள். எஸ்எம்பிஎஸ் என்று அவன் தொடங்கியபோது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள்.

இரங்கல் கூட்டத்தில் கருணாகரன் நா தழுதழுக்கப் பேசினார். சாகும்வரை ஒருநாள்கூட லீவு போடாத கணினி என்றார். பணிக்காலத்தில் போனதால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தர வேண்டும் என்று ஒருவர் நினைவூட்ட, அதோடு வயரில் இணைந்திருந்த பிரிண்டரைக் கருணை அடிப்படையில் செயலாளர் அறைக்கு மாற்றினார்கள். அந்த பிரிண்டர் அதற்கு முன்பே மை வற்றிப்போய் நாளாகியிருந்தது. நெடுமாறன் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். ஒரு பிரிண்டர் மேல் பொறாமைப்படுகிறோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் அதைக் கணினிக்காக என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்று எரிந்தால் அதே மாதிரியான எல்லாவற்றையும் உதவாதவை என்று கண்டம் செய்ய வேண்டும் என்பது அடுத்த விதி. மன்றத்து ஸ்டோர் அதிகாரி சங்கரலிங்கம் இதற்காகவே பிறந்தவர். ஒரு பொருள் உபயோகமற்றது என்று அறிவிக்கும்போது அவர் முகத்தில் வருகிற ஒளி கோயில் குருக்கள் முகத்தில்கூட வராது. விளையாட்டு அறையின் நான்கு கணினிகளும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. நெடுமாறன் வாரம் தவறாமல் திறந்து தூசி தட்டி, மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சொந்தச் செலவில் சூடு தணிக்கும் பசை வாங்கிப் பூசி வைத்திருந்தான். அவை எதற்கும் உதவாது என்று ஆபரேட்டரே சாட்சி சொன்னால்தான் கண்டம் செல்லும். அவன் தயங்கினான்.

"சொல்லிடு. பழசு போனாத்தான் புதுசு வரும். புதுசு வந்தாத்தான் புது போஸ்ட் வரும். உனக்காகத்தான் இவ்வளவும் பண்றேன்" என்றார் கருணாகரன்.

நெடுமாறன் சொன்னான். முதலாவது குருடு, இரண்டாவது நொண்டி, மூன்றாவது அடிக்கடி மயக்கம் போடும், நாலாவதை நம்பவே முடியாது என்று, தன் கையால் வளர்த்த நான்கையும் சபையில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தான். சங்கரலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டி, கண்டம் செய்யப்பட்ட கணினியோடு அதை இயக்கும் ஆளும் கணக்கிலிருந்து நீங்குகிறார் என்று வாசித்தார். கணினியும் ஆளும் சேர்ந்துதான் ஓர் அலகாம். உபயோகமற்றது என்று ஆபரேட்டர் வாயாலேயே வந்துவிட்டதால் மேல்முறையீடும் கிடையாதாம்.

நெடுமாறன் கருணாகரன் வீட்டுக்கு ஓடினான். வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே அழைத்து உட்கார வைத்தார் மனிதர். புதுக் கணினிகள் வரத்தான் போகின்றன, ஆனால் விற்கிற கம்பெனியே ஆபரேட்டரையும் காண்ட்ராக்டில் கூட அனுப்பிவிடுகிறது, அதில் மன்றம் தலையிட முடியாது என்று விளக்கினார். நீதானே அப்கிரேடு வேண்டும் என்று வந்தாய், மன்றம் உன் பேச்சுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தது பார் என்றும் சொன்னார். பிறகு, கண்டமான சாமான்கள் ஏலம் போகும் வரை கொட்டகையில் கிடக்கும், அதற்கு ஒரு காவலாள் தேவை, காண்ட்ராக்ட்தான், உனக்கு ஆட்சேபணை இல்லையே என்று கேட்டார். நன்றி சார் என்று நெடுமாறன் வாயிலிருந்து வந்தது. அந்த வார்த்தையை அவன் எத்தனையோ நாள் நினைத்து நினைத்துக் குமைந்தான்.

கொட்டகை மன்றத்தின் பின்புறம், வேலிக்காத்தான் புதருக்கு நடுவில் இருந்தது. விஷயம் கேள்விப்பட்டுத் தனகோட்டி நேராக அங்கே வந்தார். சண்டைக்குத்தான் வந்தார். வந்தவர் உள்ளே சுற்றிப் பார்த்தார். டைப்ரைட்டர்கள், தந்திக் கம்பி போல் நீண்ட கொம்பு வைத்த டிவிகள், மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், சக்கரமில்லாத தள்ளுவண்டி, தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேல் நான்கு கணினிகள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மன்றத்து முன்வாசலில் ஓடிக்கொண்டிருந்த ஐஸ் பெட்டிகூட ஏலத்துக்குக் காத்துக்கொண்டு அங்கே கிடந்தது. தனகோட்டி அதைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"இன்னா தம்பி, இதெல்லாம் இன்னும் ஏலம் வுடலியா?"

"இல்ல மாமா. கமிட்டி போடணுமாம்."

"போடமாட்டானுங்க. எனக்குத் தெரியாதா? புது மெசின் வந்தா உன்ன மாத்துவான், ஆள் வந்தா உன்ன மாத்துவான். இந்தக் குப்பைய எவன் மாத்தப் போறான்? நீ இங்கியே உக்காந்துகினு ரிட்டயர் ஆயிடலாம். இதான்யா பர்மனென்ட்டு."

அந்த ஆவணியிலேயே நிச்சயதார்த்தம் வைத்தார்கள். பந்தலில் தனகோட்டி எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மாப்பிள்ளைக்கு மன்றத்தில் அசைக்க முடியாத வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கருணாகரனும் வந்து அட்சதை போட்டார். இளைஞர்கள் பொறுமையாக இருந்தால் நிர்வாகம் கைவிடாது என்று மைக்கில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் பாயசம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். நெடுமாறன் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் பந்திக்குப் போன பிறகு அன்புக்கரசி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அவள் அவனையே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நாளெல்லாம் அங்க என்னதான் பண்ற?"

நெடுமாறன் யோசித்தான். அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"எதுவும் நகராம பாத்துக்கறேன்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை.